அந்தத் தொப்பி எங்களுடையது

786
மூதூர்
24.4.71

கலீல் நானாவுக்கு ஸாலிஹா எழுதுவது.

ஸலாம். நீங்கள் சுகமாக இருப்பது பத்திரிகையிலேயே தெரிகிறது. அதனால் சுகம் விசாரிக்கவில்லை.

பதினேழாம் திகதிப் பத்திரிகை நேற்றைய லோஞ்சில்தான் இங்கே வந்து சேர்ந்தது. 'ஊரடங்கிலும் ஊரை விட்டு அகலாத தலைவர்' என்று கொட்டை எழுத்து. கீழே உங்கள் பெயர். கிளர்ச்சிக்காரர்கள் பொலிஸ் நிலையங்களைத் தாக்கி நாடே நடுங்கிப்போன அந்த ஐந்தாம் திகதி தொடக்கம் பத்தாம் திகதி வரைக்கும், அபூதாஹிர் ஹாஜியார் திருகோணமலை நகரத்தில் உங்கள் குடாக்கரை மக்கள் சங்கத்துக் கந்தோரிலேயே படுத்தெழும்பினாராம். தன் கையால் சனத்துக்கு அரிசி அளந்து கொடுத்தாராம். 'உயிர் போனாலும் இந்தத் துறைமுகத்து மக்களை விட்டு ஓரடி நகரமாட்டேன்' என்றாராம்.

நானா, ஆறாம் திகதி செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் என் குசினியில் பலகை போட்டுக் குந்தியிருந்தார். பாரை மீன் ஆணமும் சோறும். மூன்று கோப்பை. "ஸாலிஹா, இப்பிடி ஒரு ஆணம் நான் கொழும்பிலயும் திண்டதில்ல" என்று சொல்லி விரலை நக்கினார். கிளர்ச்சிக்காரர் பெரிய ஆட்களைத் தேடித் திரிகிறார்கள் என்று யாரோ ஒரு கதையைக் கட்டிவிட, 'மச்சான், தலைவரைக் கொஞ்ச நாளைக்கு உன்ட வீட்டில வெச்சிரு' என்று என் மனுசனுக்குச் சொல்லி அனுப்பியது யார்? நீங்கள். நீங்கள் கேட்டதற்காகத்தான் இவர் ஊரடங்கையும் பாராமல் வள்ளத்தைக் கொண்டுபோய் அவரை ஏற்றி வந்தார்.

நாலு நாள் எங்கள் உள்ளறையை விட்டு அவர் தலை வெளியே தெரியவில்லை. ஜும்ஆவுக்குக்கூடப் போகவில்லை. வாசலில் ஆடு கத்தினால் கட்டிலுக்குக் கீழே புகுந்துகொள்வார். பிறகு அரிசி வள்ளத்தில் வந்தவரிடம், நகரம் அடங்கிவிட்டது, தலைவரைக் காணவில்லை என்று சனம் கதைக்கிறது, உடனே அனுப்பு என்று சொல்லி விட்டதும் நீங்கள்தான். பத்தாம் திகதி சனிக்கிழமை லுஹர் தொழுத கையோடு இவர் கொண்டுபோனார். மீன்காரன் மாதிரித் தெரிய வேண்டும் என்று இவருடைய சாரத்தை உடுத்து, இவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார் தலைவர். அவருடைய சிவப்புத் துருக்கித் தொப்பி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

அவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நேவி பிடித்தது என் மனுசனை. 'யாரோ ஒரு கிளர்ச்சிக்காரனைக் கரையேற்றியிருக்கிறான்' என்று வழக்கு. வள்ளம் மட்டும் ஊர்க்காரர் கையோடு எங்கள் ஜெட்டிக்குத் திரும்பி வந்தது. இன்றைக்குப் பதினைந்து நாள். யாரை ஏற்றினாய் என்று கேட்டால் வாயே திறக்கிறாரில்லையாம். உங்கள் தலைவர் அவரிடம் ரகசியம் என்று வாக்கு வாங்கினவர். வாக்குக் கொடுத்தவர் உள்ளே. வாங்கினவர் பத்திரிகையில்.

எழுதின கையாலேயே மாற்றி எழுதுங்கள் நானா. தலைவர் எங்கே இருந்தார் என்று உள்ளதை எழுதுங்கள். அது போதும், இவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஸாலிஹா

*

திருகோணமலை
28.4.71

அன்புத் தங்கை ஸாலிஹாவுக்கு,

அல்லாஹ்வின் அருளால் இவ்விடம் யாவரும் சுகம். நிற்க.

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் காலத்தில் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்கள். பெயர், திகதி, வள்ளம் என்றெல்லாம் வெளிப்படையாக எழுதுவது புத்தியல்ல.

நீ வீட்டுக்குள் இருப்பவள். நகரத்தில் அந்த நாட்களில் உலாவிய கதைகளை நீ கேட்டிருக்க மாட்டாய். தலைவர் சீனன்குடாவிலிருந்து விமானத்தில் கொழும்புக்குப் பறந்துவிட்டார் என்று எண்ணெய்த் தாங்கியில் வேலை செய்பவர்கள் சத்தியம் செய்தார்கள். சல்லிக் கிராமத்தில் கருவாட்டுக் குடிலுக்குள் கண்டோம் என்றார்கள் சிலர். கிண்ணியாவில் பெண் வேடத்தில் இருக்கிறார் என்று ஒருவன் கதை கட்டினான். சனம் நம்பிக்கை இழந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. அந்தக் கதைகளையெல்லாம் ஒரு கட்டுரை அடக்கியது. உடம்பு எங்கே இருந்தாலும் தலைவர் மனதால் நகரத்து மக்களோடுதான் இருந்தார். அந்தக் கருத்திலேயே எழுதினேன்.

மச்சானை நான் மறக்கவில்லை. தலைவர் உரிய இடத்தில் உரிய முறையில் பேசுவதாக வாக்களித்திருக்கிறார். பொறுமையாக இரு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள நானா
மு. கலீலுர் றஹ்மான்
செயலாளர், குடாக்கரை மக்கள் சங்கம்

*

மூதூர்
3.5.71

செயலாளர் அவர்களுக்கு,

மனதால் நகரத்தில் இருந்தாராம்! சரி. அப்படியென்றால் என் மனுசனும் மனதால் வீட்டில்தான் இருக்கிறார், உடம்பு மட்டும்தான் முகாமில். நான் மனதால் அவருக்குச் சோறு போடுகிறேன். சும்மா போங்கள் நானா.

கடிதத்தை உடைத்துப் பார்க்கட்டும். பார்க்க வேண்டும் என்றுதான் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நீங்கள் வாசித்துச் செய்யாததை அவர்களாவது வாசித்துச் செய்வார்கள்.

வியாழக்கிழமை முகாமுக்குப் போனேன். இவரைக் காட்டவில்லை. ஒரு அதிகாரியிடம் கூட்டிப்போனார்கள். பக்கத்தில் ஒருவர் தமிழில் மாற்றிச் சொன்னார். நான் உள்ளதை எல்லாம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்தது, சனிக்கிழமை போனது, தொப்பி மாற்றினது, எல்லாம். துருக்கித் தொப்பியையும் கொண்டுபோய்க் காட்டினேன். "இது எந்தக் கடையிலயும் வாங்கலாம் தங்கச்சி" என்றார் மாற்றிச் சொன்னவர். பிறகு அதிகாரி மேசை லாச்சியை இழுத்து ஒரு துண்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

என்ன துண்டு தெரியுமா? உங்கள் கட்டுரை. வெட்டி, ஒட்டி, கீழே கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். "உங்கட சொந்த நானா எழுதியிருக்கிறார், தலைவர் ஆறாம் திகதி நகரத்தில அரிசி குடுத்தவர் எண்டு. படமும் இருக்கு. நாங்க ஆரை நம்புற?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? என் நானா பொய்யன் என்று அந்நிய ஆம்பிளைகளுக்கு முன்னால் சொன்னேன். சொல்ல வைத்தீர்கள்.

விளங்குதா உங்களுக்கு? இவரை அடைத்து வைத்திருப்பது நேவி இல்லை. உங்கள் கட்டுரை.

முகாமிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். மதினி றுக்கியா கதவை அரைவாசி திறந்து, "அவர் இல்ல, வெளியூர் போயிட்டார்" என்றா. அவவின் கண் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் உங்கள் சப்பாத்து இரண்டும் இருந்தன. வெளியூருக்கு வெறுங்காலோடு போனீர்களா நானா? இனி உங்கள் வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று அங்கேயே நினைத்துக்கொண்டுதான் லோஞ்சு ஏறினேன்.

ஸாலிஹா

*

திருகோணமலை
8.5.71

ஸாலிஹாவுக்கு,

உன் எழுத்தில் மரியாதை இல்லை. வாப்பா மௌத்தான பிறகு உன்னை வளர்த்து, படிப்பித்து, கல்யாணம் முடித்துத் தந்தவன் நான். அதிகாரிகள் முன்னால் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டு அதைக் கடிதத்திலும் எழுதுகிறாய்.

நான் மாற்றி எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்தாயா? பத்திரிகை என்னைக் கழற்றிவிடும். சங்கம் என்னைத் துரத்தும். தலைவர் தலை குனிந்தால் அவரை நம்பி இருக்கும் இருநூறு துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்காக யார் பேசுவது? முப்பதாம் திகதி அவருக்குப் பாராட்டு விழா. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்கு அவர்கள் காதில் போட்டால் மச்சான் மறுநாளே வெளியே. இன்னும் மூன்று கிழமை. உன்னால் பொறுக்க ஏலாதா?

அதுவரைக்கும் மூதூரில் நீ வாய்க்கு வந்தபடி கதைத்துத் திரியாதே. ஒரு படம் இத்துடன் வைத்திருக்கிறேன். பத்திரிகையில் வந்த அதே படத்தின் நல்ல பிரதி. பின்பக்கத்தில் '6.4.71' என்று திகதி இருக்கிறது. கேட்கிறவர்களுக்கு இதைக் காட்டு. உன் வாய்க்கும் ஊர் வாய்க்கும் இது ஒரு பூட்டாக இருக்கட்டும். எல்லோருடைய நன்மைக்கும் சொல்கிறேன்.

கலீலுர் றஹ்மான்

*

மூதூர்
12.5.71

நானா,

படம் கிடைத்தது. மெத்தப் பெரிய உபகாரம்.

பத்திரிகையில் அது கரி அப்பினது மாதிரி இருந்தது. முகமே சரியாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பினதில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. உங்களிடமும் ஒரு பிரதி இருக்கும். இப்போதே எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முகத்தைப் பார்க்க வேண்டாம், அதைத்தான் தினமும் பார்க்கிறீர்களே. தலையைப் பாருங்கள்.

எந்த நாளும் துருக்கித் தொப்பி இல்லாமல் படத்துக்கு நிற்காத மனிதர், இந்தப் படத்தில் பின்னல் தொப்பி போட்டிருக்கிறார். நெற்றியில் படுகிற கடைசி வரிசை மற்ற வரிசைகளை விடத் தடிப்பாக, கொஞ்சம் கோணலாக இருக்கிறதா?

அது நான் பின்னினது. போன நோன்பு மாதம் இவருக்குப் பெருநாளுக்கென்று பின்னினேன். பெருநாளுக்கு முதல் நாள் நூல் முடிந்துவிட்டது. கடையும் பூட்டு. என்ன செய்ய? இவருடைய வலை நூலை எடுத்துக் கடைசிச் சுற்றைப் பின்னி முடித்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "மீன்காரன்ட தொப்பிக்கு வலை நூல்தான் சரி" என்று சிரித்தார். நீங்களும் அன்றைக்கு வட்டிலப்பம் தின்றுகொண்டே சிரித்தீர்கள். உலகத்தில் வலை நூல் வைத்துப் பின்னின தொப்பி அது ஒன்றுதான் நானா.

அந்தத் தொப்பி பத்தாம் திகதி சனிக்கிழமைதான் எங்கள் வீட்டை விட்டுப் போனது, உங்கள் தலைவரின் தலையில். பிறகு எப்படி ஆறாம் திகதிப் படத்தில் வந்தது? நீங்கள் ஞாயிற்றுக்கிழமையோ திங்கட்கிழமையோ அவரைக் கொண்டு வந்து அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தி, படம் பிடித்து, பின்பக்கத்தில் பொய்த் திகதி எழுதியிருக்கிறீர்கள். அவசரத்தில் தொப்பியை மறந்துவிட்டீர்கள். இவர் முகாமில் வெறுந்தலையோடு கிடக்கிறார், அந்த மனிதர் இவருடைய தொப்பியைப் போட்டுக்கொண்டு தலைவர் என்று படத்துக்கு நிற்கிறார். இந்தப் பேனையை முறித்துவிடலாம் போல இருக்கிறது.

பூட்டு என்றீர்களே, இது திறப்பு. ஆனால் நான் கொண்டுபோனால் 'மனைவி சொல்கிறாள்' என்பார்கள். படம் எப்போது பிடித்தது என்று சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லுங்கள்.

ஸாலிஹா

*

மூதூர்
17.5.71

நானா,

பதில் இல்லை. பரவாயில்லை. இது சின்னக் கடிதம்.

நேற்று முன்தினம் முகாமில் இவரைப் பத்து நிமிசம் காட்டினார்கள். மெலிந்துபோனார். ஒரு பக்கத்துக் காது சரியாகக் கேட்கவில்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

"ஏன் இன்னும் அந்த மனிசனுக்காக வாயை மூடிக்கொண்டு இரிக்கிறீங்க? அவர்ட வாக்கும் மண்ணும். சொல்லிப்போட்டு வாங்க" என்று சண்டை பிடித்தேன்.

இவர் மெல்லச் சொன்னார்: "தலைவருக்காக இல்ல ஸாலிஹா. கரையில நிண்டது ரெண்டு பேர். நேவிக்காரன் ரெண்டு பேர் ஓடினதைக் கண்டவன். ஒராளச் சொன்னா மத்தாள் ஆரெண்டு கேப்பான். மத்தாள் உன்ட நானா."

நீங்கள் அங்கே நின்றீர்கள்.

இவரைப் பிடித்துக் கட்டினதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போய் அந்தக் கட்டுரையை எழுதினீர்கள். அதற்குப் பிறகு எனக்குப் 'பொறுமையாக இரு' என்று எழுதினீர்கள். முப்பத்தைந்து நாள் அடி தின்றது உங்கள் பெயரை வாயில் எடுக்காமல் இருப்பதற்கு.

இனி நான் உங்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

*

திருகோணமலை
20.5.71

ஸாலிஹா,

ஓம். நின்றனான்.

தலைவரைக் கூட்டிப்போகக் கரைக்கு வந்தது நான்தான். அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். மச்சான் கையைக் காட்டிவிட்டு வள்ளத்தைத் திருப்பினார். அப்போதுதான் நேவிப் படகு முனையைச் சுற்றி வந்தது. தலைவர் என் கையைப் பிடித்து இழுத்து, "ஓடு தம்பி, ஓடு" என்றார். ஓடினேன். கரைவலைத் தோணிகளுக்குப் பின்னால் குந்திக்கொண்டோம். அங்கிருந்து எல்லாம் கேட்டது. "ஆரை இறக்கினாய்?" என்று கத்தினார்கள். மச்சான் எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், உரத்த குரலில், "நான் தனியத்தான் வந்தனான்" என்றார். எங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் அப்படி உரக்கச் சொன்னார் என்று நினைக்கிறேன். முதல் அடி விழுந்த சத்தமும் கேட்டது.

அடுத்த நாள் காலையில் தலைவர் கட்டுரையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். படமும் அன்றைக்குத்தான். தொப்பி என் கண்ணில் படவேயில்லை. பயத்தில் இருந்தேன். நகரத்தில்தான் இருந்தார் என்று எழுதிவிட்டால் கரையில் அவரும் இல்லை, நானும் இல்லை என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. இருநூறு குடும்பம் என்று உனக்கு எழுதினதெல்லாம் பிறகு நானே எனக்குச் சொல்லிக்கொண்ட கதை.

சப்பாத்து விசயமும் உண்மை. கதவுக்குப் பின்னால் நின்றனான். நீ படலையைத் தாண்டிப் போகும் வரைக்கும் மூச்சு விடவில்லை. றுக்கியா அன்று தொடக்கம் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

உன் கடிதம் வந்ததும் தலைவரிடம் போனேன். ஒரு வரி எழுதித் தாருங்கள், போதும் என்றேன். "விழா முடியட்டும் கலீல்" என்றார். நான் படத்தை மேசையில் வைத்து, "இந்தத் தொப்பி ஆர்ட எண்டு தெரியுமா ஹாஜியார்?" என்று கேட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். யாருடையது என்று அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு அவரை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

இன்று காலை ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். நாலே நாலு விசயம். யாரை எப்போது ஏற்றியது, எப்போது இறக்கியது, கரையில் நின்றது யார், படம் பிடித்த திகதி எது. இத்தனை வருசம் பத்திரிகைக்கு எழுதினவன், உள்ளதை மட்டும் எழுத எனக்கு அரைப்பக்கமே போதுமாக இருந்தது. நாளைக்கு அதையும் படத்தையும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போகிறேன். என்னைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று றுக்கியாவுக்குச் சொல்லிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

கலீல்

*

மூதூர்
6.6.71

கலீல் நானாவுக்கு,

ஸலாம். இதை முகாமில் உங்கள் கையில் தருவார்களோ, முதலில் அவர்கள் வாசிப்பார்களோ தெரியாது. வாசிக்கிறவருக்கும் ஸலாம்.

இவர் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டார். லோஞ்சிலிருந்து இறங்கி நேரே வள்ளத்தைப் பார்க்கத்தான் போனார், வீட்டுக்கு வரவில்லை. நான் ஜெட்டிக்கு ஓடிப்போய்ப் பேசின பேச்சில் சனமெல்லாம் சிரித்தது. கேட்கிற காதுப் பக்கம் நின்றுதான் ஏசினேன்.

உங்கள் தலைவரின் விழா நடந்தது. நீங்கள் உள்ளே இருந்ததால் புதிதாக யாரையோ பிடித்து எழுத வைத்திருக்கிறார். இந்தத் தரம் என்ன கதை தெரியுமா? 'மூதூர் மக்களைக் காப்பதற்காக உயிரைத் துச்சமென மதித்துக் கடல் கடந்த தலைவர்.' ஆறாம் திகதி இங்கே வந்து, பள்ளிவாசலில் சனத்தைக் கூட்டித் தைரியம் சொன்னாராம்! எங்கள் பள்ளிவாசலில்! என் கட்டிலுக்குக் கீழே கிடந்த தூசியிடம்தான் தைரியம் சொன்னார். மனுசருக்கு இப்படியும் வெட்கமில்லாமல் போகுமா?

வாசித்துவிட்டு நான் கத்தினேன். இவர் அலுமாரியைத் திறந்து துருக்கித் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். ஜெட்டியில் வள்ளம் கட்டுகிற கம்பின் தலையில் அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறார். லோஞ்சால் இறங்குகிறவர்கள் எல்லாம், "இது ஆர்ட தொப்பி?" என்று கேட்கிறார்கள். இவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே, செவ்வாய்க்கிழமை தொடங்கி மூன்று கோப்பை சோறு, கட்டில், ஆடு எல்லாம் சொல்லிச் சனிக்கிழமையில் முடிக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கில்லை. ஐம்பது நாள் மூடியிருந்த வாய் இப்போது மூடுகிறதே இல்லை.

வெள்ளிக்கிழமை சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் வெள்ளைச் சட்டையோடு வந்து தொப்பியைக் கழற்றித் தரச் சொன்னார்கள். "தலைவர் இதை எங்க விட்டுட்டுப் போனவர் எண்டு ஒரு கடதாசியில எழுதி, அவர்ட கையெழுத்தோட கொண்டு வாங்க. தாறன்" என்றார் இவர். அடுத்த லோஞ்சிலேயே ஏறிப் போய்விட்டார்கள். தொப்பி வெயிலில் நிறம் போகிறது. இருக்கட்டும்.

உங்களை இன்னும் எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று மதினிக்கும் தெரியவில்லை. அவ நேற்று இங்கே வந்து என்னோடு இருந்து அழுதா. நீங்கள் போன காலையில் உங்கள் சப்பாத்தைத் தானே துடைத்து வைத்ததாகச் சொன்னா.

புதன்கிழமை நான் முகாமுக்கு வருகிறேன். இவரும் வருவாராம், வேண்டாம் என்றாலும் கேட்கிறாரில்லை. நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் அப்படியேதான் இருக்கிறது, உங்களைக் கண்டதும் அங்கேயே ஏசுவேன், காவலுக்கு நிற்கிறவர்கள் பார்த்தாலும் சரி. சோறு கட்டிக்கொண்டு வருவேன். பாரை மீன் ஆணம் இனி என் குசினியில் வைக்க மாட்டேன், அது அந்த மனிதர் தின்றது. சூடை மீன் பொரித்துக் கொண்டு வருகிறேன். முள் இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்கள்.

ஸாலிஹா